மேகம் போடாத படம்

ஓர்சே அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போனது. ஆறு வருடம் ஆகிறது. வேலை விஷயமாக இரண்டு வாரம் பாரிஸில் இருந்தோம். ஓய்வாகக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு ஐஃபில் கோபுரத்தைப் பார்த்தாலே போதும், நான்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் கபானெலின் ‘வீனஸின் பிறப்பு’ முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். கடல் அலைமேல் மல்லாந்து படுத்திருக்கிற பெண், பாலாடை மாதிரியான தோல், மேலே சங்கு ஊதியபடி பறக்கிற குழந்தைகள். “என்னமா வரைஞ்சிருக்கான், அப்படியே போட்டோ” என்றார் நண்பர். அப்புறம் குஸ்தாவ் கூர்பேயின் ‘ஒர்னானில் ஒரு சவ அடக்கம்’ இருக்கிற கூடத்துக்கு வந்தோம். சுவர் நீளத்துக்கும் கறுப்பு உடை. வரிசையாக ஆட்கள். கீழே ஒரு குழி. பக்கத்தில் இருந்த விவரப் பலகையைப் படித்துவிட்டு அவர் என்னிடம் திரும்பினார். “இதுக்குப் போய் ரியலிசம்னு பேரா? அந்த வீனஸ்தானே ரியலா இருக்கு?”

பத்தொன்பதாம் நூற்றாண்டு, உழைக்கும் மக்கள், எளியவர்களின் வாழ்க்கை என்று ஏதோ சொன்னேன். எங்கோ படித்ததை ஒப்பித்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மேல்தளத்துக்கு வான்கோவைப் பார்க்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். உண்மை என்னவென்றால், எனக்கும் அந்தப் படத்தின் முன்னால் ஒன்றும் தோன்றவில்லை. சாவு வீட்டில் எடுத்த குரூப் போட்டோ என்றுதான் எனக்கும் பட்டது. இத்தனை பெயர் பெற்ற படம், ரியலிசம் என்ற இயக்கமே இதிலிருந்துதான் கிளம்பியது என்கிறார்கள், அப்படியிருக்க இதில் நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்? ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி அடங்கவில்லை.

நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. நாம் ஓவியத்தைப் பாராட்ட வைத்திருக்கிற பெரிய சொல்லே தத்ரூபம்தான். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஓவிய வாத்தியார் கண்ணாடி டம்ளரை மேசைமேல் வைத்து வரையச் சொல்வார். டம்ளரில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தை யார் சரியாக வெள்ளையாக விட்டுவைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் மதிப்பெண். வீட்டுக்கு வந்தால் பூஜை அறையில் ரவி வர்மா வழிவந்த லட்சுமி. அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து கிளம்பிய தெய்வங்கள் இந்தியா முழுக்க வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். அந்தப் பட்டுப்புடவையின் ஜரிகையும் நகையின் மினுக்கும் தோலின் மென்மையும் ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தின் கைவேலை. பாரிஸில் ஓவியத்துக்கு விதி வகுத்த அரசு அமைப்பான அகாடமிக்காரர்கள் போற்றிய திறமைகளுக்கு அவை நெருங்கிய சொந்தம். கூர்பே சண்டை போட்டது அவர்களோடுதான். நமக்குத் திறமை வந்து சேர்ந்தது, சண்டை வந்து சேரவில்லை. அதனால்தான் ‘ரியல்’ என்றாலே நம் மனசு டம்ளரின் வெளிச்சத்துக்கு ஓடிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

22 அடி

அந்தப் படத்தின் அளவிலிருந்து நான் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். உயரம் 315 சென்டிமீட்டர், அகலம் 668. நம் கணக்கில் 10 அடிக்கு 22 அடி. அதில் 40க்கும் மேற்பட்ட ஆட்கள், ஏறக்குறைய நிஜ ஆள் உயரத்தில். அளவே ஒரு பேச்சு என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாருக்கு 40 அடி கட்-அவுட், யாருக்குத் தெருமுனை ஃபிளெக்ஸ், யாருக்கு நாளிதழின் உள்பக்கத்தில் தபால்தலை அளவுக் கண்ணீர் அஞ்சலி என்பதைப் பார்த்தே ஆளின் இடத்தைக் கணித்துவிடுவோம். பாரிஸில் இந்தக் கணக்கு ஒரு சட்டம் மாதிரியே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அகாடமி ஓவியங்களுக்குப் படிநிலை வைத்திருந்தது. உச்சியில் வரலாற்று ஓவியம்: புராணம், பைபிள், அரசர்களின் போர். அதற்குக் கீழே உருவப்படம், அப்புறம் அன்றாட வாழ்க்கை, நிலக்காட்சி, கடைசியில் பழமும் பாத்திரமும். பெரிய துணி உச்சிப் படிக்குத்தான். நெப்போலியன் முடிசூடியதை தாவித் வரைந்தபோது அது 6 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். அது பேரரசன் சமாச்சாரம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குடியானவர்களை வரையக்கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. வரையலாம், சின்னதாக. வரவேற்பறையில் மாட்டுகிற அளவில், சிரித்த முகத்தோடு, சுத்தமான உடையோடு.

கூர்பே அந்தப் பேரரசன் அளவுத் துணியை எடுத்து, தன் ஊரில் நடந்த ஒரு சாதாரண அடக்கத்தை வரைந்தார். சலோன் என்கிற அரசின் பெரிய கண்காட்சிக்கு அதை அனுப்பியபோது அவர் பட்டியலில் கொடுத்த தலைப்பு இன்னும் துணிச்சலானது: ‘மனித உருவங்களின் ஓவியம், ஒர்னானில் நடந்த ஓர் அடக்கத்தின் வரலாறு’. இந்த ‘வரலாறு’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அரசர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்த சொல்லை எடுத்து, பெயர் தெரியாத ஒருவரின் குழிமேட்டில் வைத்துவிட்டார். இறந்தவர் யார் என்று படத்தில் எங்கும் இல்லை. 1848 செப்டம்பரில் இறந்த அவருடைய உறவுக்காரத் தாத்தா ஒருவர் என்று பின்னால் வந்தவர்கள் கருதுகிறார்கள். படத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படவே இல்லை.

இப்படி ஒரு படம் தேர்வுக் குழுவைத் தாண்டி எப்படி உள்ளே வந்தது? 1849 சலோனில் ‘ஒர்னானில் சாப்பாட்டுக்குப் பிறகு’ என்ற படத்துக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்திருந்தது. பதக்கம் வாங்கியவர்களின் படங்கள் குழு பார்க்காமலேயே மாட்டப்படும் என்பது அப்போதைய விதி. ஆகவே 1850 கடைசியில் திறந்த கண்காட்சியில் இந்தப் படமும் ‘கல் உடைப்பவர்க’ளும் தடையில்லாமல் ஏறிவிட்டன. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவலட்சணத்தைத் தேடி அலைகிறான் என்றார்கள். படத்தில் சிவப்பு அங்கி போட்ட தேவாலய ஊழியர்கள் இரண்டு பேரின் மூக்கும் கன்னமும் குடித்தமாதிரி சிவந்திருப்பதைப் பார்த்து, இது மதத்தைக் கேவலப்படுத்தும் கேலிச்சித்திரம் என்றார்கள். எனக்கு அந்த இரண்டு பேரையும் இப்போது ரொம்பப் பிடிக்கும்.

மாதிரிக்கு வந்து நின்ற ஊர்

கூர்பே 1819இல் ஒர்னானில் பிறந்தவர். சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கிற சிற்றூர். அப்பா நிலபுலன் உள்ள விவசாயி. பாரிஸில் பெயர் வாங்கியபிறகு இந்தப் படத்துக்காக ஊருக்குத் திரும்பி, ஊர்க்காரர்களையே மாதிரிக்கு நிறுத்தி வரைந்தார். மேயர், பாதிரியார், நீதிபதி, பத்திர எழுத்தர், குழி வெட்டுபவர், பீடச் சிறுவர்கள், பழைய 1789 புரட்சிக் காலத்து உடையோடு வந்து நின்ற இரண்டு கிழவர்கள் எல்லாரும் நிஜ ஆட்கள். வலது பக்கம் கறுப்புத் துணியும் வெள்ளைத் தொப்பியுமாக நிற்கும் பெண்கள் கூட்டத்தில் அவருடைய அம்மாவும் தங்கைகளும் இருக்கிறார்கள். சற்று முன்புதான் இறந்துபோன அம்மாவழித் தாத்தாவின் முகத்தையும் இடது ஓரத்தில் வைத்திருக்கிறார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே மாதிரிக்கு ஆள் பிடிப்பது கஷ்டமே இல்லை, எல்லாருக்கும் அடக்கத்தில் இருக்க ஆசை, அத்தனை பேரையும் திருப்திப்படுத்த முடியாமல் விரோதம் சம்பாதிக்கப்போகிறேன் என்கிற பொருளில் எழுதுகிறார். எனக்கு இந்தக் கடிதத்தை நினைத்தாலே மனசு நிறைகிறது. அத்தனை பேர் வரிசையில் வந்து நின்றிருக்கிறார்கள். பாரிஸ் சுவரில் தங்களைப் பார்த்து நகரத்துக் கனவான்கள் முகம் சுளிக்கப்போகிறார்கள் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது.

அந்த முகச்சுளிப்புக்கு அழகியல் மட்டும் காரணமில்லை. 1848 பிப்ரவரிப் புரட்சியில் மன்னராட்சி போய், வயதுவந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை வந்திருந்தது. சுமார் 2.5 லட்சமாக இருந்த வாக்காளர்கள் ஒரே வீச்சில் 90 லட்சம் பேர் ஆனார்கள். பெரும்பாலோர் கிராமத்தார். நேற்றுவரை சின்னச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த குடியானவனிடம் இப்போது வாக்குச் சீட்டு இருக்கிறது. அவனே 22 அடி அகலத்தில், சிரிக்காமல், ஆள் உயரத்தில் எதிரே நின்றால் பாரிஸ் கனவானுக்கு வயிறு கலங்கத்தானே செய்யும்? 1857இல் ஜான் பிரான்சுவா மிலே என்ற ஓவியர் ‘கதிர் பொறுக்கும் பெண்க’ளைக் காட்சிக்கு வைத்தபோதும் இந்தப் பயம் போகவில்லை. அது ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய அகலமுள்ள சின்னப் படம். அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். தூரத்தில் மலைபோல் குவித்த விளைச்சல், குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன். அவர்களின் முதுகு அடிவானக் கோட்டுக்கு மேல் எழவே இல்லை, நிலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்த மூன்று பெண்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சியின் 1793ஆம் வருடக் கொலைமேடைகள் தெரிகின்றன என்று ஒரு விமரிசகர் எழுதினார். சிந்திய கதிரைப் பொறுக்குகிறவர்களைப் பார்த்தே அந்தப் பயம்.

‘கல் உடைப்பவர்கள்’ பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாலையோரம் சல்லி உடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரையும் ஒரு பையனையும் கூர்பே வண்டியில் போகும்போது பார்த்தார். வறுமையை இவ்வளவு முழுதாகப் பார்த்ததில்லை என்று நினைத்து, மறுநாள் தன் இடத்துக்கு வரச்சொல்லி வரைந்தார். படத்தில் கிழவர் முகம் தொப்பி நிழலில், பையன் முதுகைக் காட்டியபடி. குதிகாலில் கிழிந்த காலுறை, ஒட்டுப்போட்ட சட்டை. கிழவர் குனிந்திருக்கிறார், அவர் வயதுவரை அந்தப் பையனும் இதையேதான் செய்துகொண்டிருப்பான் என்று சொல்லாமல் சொல்லும் படம். அதை இனி யாரும் நேரில் பார்க்க முடியாது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் மேல் விழுந்த குண்டுகளில் எரிந்துபோனது. புகைப்படங்கள் மட்டும் மிச்சம்.

மின்கம்பத்துக்குப் பக்கத்தில்

இதையெல்லாம் இந்த ஆறு வருடத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, படம் கண்ணுக்குப் பிடிபடுவது வேறு. பிடிபட்டது போன தை மாதம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், பெரியப்பா இறந்த அன்றைக்கு.

நான் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. நீர்மாலை எடுத்து வந்துவிட்டார்கள். ஃபிரீசர் பெட்டியிலிருந்து எடுத்து, வாசலில் பெஞ்சுமேல் கிடத்திக் குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தியிருந்தார்கள். கால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் எதிர்ப்பக்கம் மின்கம்பத்துக்கு அருகில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தெரு முழுதும் ஒரே வரிசையாகத் தெரிந்தது. சங்கு ஊதுகிறவர் ஊதி முடித்துவிட்டு மணி பார்த்தார், அடுத்த ஊரில் அவருக்கு இன்னொரு சாவு இருந்தது. சித்தப்பா மடித்த நோட்டுகளை இடுப்பிலிருந்து எடுத்துக் கொட்டுக்காரர்களுக்காக எண்ணிக்கொண்டிருந்தார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளை வேட்டியோடு ஓரமாக, யாராவது நாற்காலி போடுவார்களா என்கிற மாதிரி நின்றிருந்தார். அத்தை மாரில் அடித்து அழுதுகொண்டே, பக்கத்தில் நின்ற பேரனின் சட்டைப் பொத்தானை இன்னொரு கையால் போட்டுவிட்டாள். பெரியம்மா அழவில்லை. எதிர் வீட்டுத் திண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திண்ணையில் ஒன்றுமில்லை. பெஞ்சுக்கு முன்னால் ஒரு நாய் நின்றது. அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் பார்த்தது.

அந்த வரிசையில் ஒருவர்கூடப் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களுக்குத் துக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சித்தப்பா அண்ணனோடு ஒரே ஏர் பிடித்தவர். சாவு ஒன்றுதான், ஆனால் அது ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பக்கம் திருப்பி வைத்திருந்தது. நான் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஒர்னான் படத்தில் அப்படித்தான். பாதிரியார் புத்தகத்தைப் பார்க்கிறார். பீடச் சிறுவன் ஒருவன் அண்ணாந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறான். சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள். குழி வெட்டியவர் ஒற்றை முழங்காலை ஊன்றிக் காத்திருக்கிறார், அவருக்கு வேலை இனிமேல்தான். பெண்கள் கைக்குட்டைக்குள். முன்னால் ஒரு வெள்ளை நாய், அதுவும் வேறெங்கோ பார்க்கிறது. கண் போய் நிற்பதற்கு ஓரிடம் இல்லையே என்பதுதான் அந்தக் காலத்து விமரிசகர்களின் பெரிய குறை. அகாடமி முறைப்படி வரைந்திருந்தால் நடுவில் ஒரு நாயகன் இருப்பான், மற்றவர்கள் அவனை நோக்கிச் சாய்ந்திருப்பார்கள், வெளிச்சமும் அவன்மேல் விழும். இங்கே நடுவில் இருப்பது குழி. அந்தக் குழியும் முழுதாக இல்லை, சட்டத்தின் கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டு நம் காலடிக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கு ஓர்சேயில் நானும் நண்பரும் நின்றிருந்தது அந்தக் குழியின் இந்தப் பக்கக் கரையில். வரிசையில் எங்களுக்கும் இடம் விட்டிருந்தார் கூர்பே. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

நண்பரின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். வீனஸின் தோலை கபானெல் தத்ரூபமாக வரைந்தார், சந்தேகமே இல்லை. மூன்றாம் நெப்போலியன் 1863இல் அதை ஆசையாக வாங்கிக்கொண்டார். ஆனால் அலைமேல் அப்படிப் படுத்திருந்த ஒருத்தியை யாரும் பார்த்ததில்லை. கூர்பேயின் பூச்சு பல இடங்களில் முரடு, கத்தியால் அப்பினமாதிரிகூட இருக்கும். ஆனால் சாவு வீட்டில் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மாற்றாமல், யாரையும் முன்னால் தள்ளாமல், யாரையும் அழகாக்காமல், அரசனுக்கு ஒதுக்கிய அளவில் வைத்தார். நான் புரிந்துகொண்ட ரியலிசம் இது. ரியலிஸ்ட் என்ற பட்டத்தை மற்றவர்கள் தன்மேல் சுமத்தினார்கள் என்று அவரே 1855இல் எழுதினார். அந்த வருடம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்தப் படத்தையும் ‘ஓவியரின் பணிக்கூட’த்தையும் மறுத்துவிட்டார்கள். அவர் பக்கத்திலேயே சொந்தச் செலவில் ஒரு கொட்டகை போட்டு 40 படங்களை மாட்டி, வாசலில் ‘ரியலிசம்’ என்று எழுதி வைத்தார். கூட்டம் வரவில்லை. கட்டணத்தைக் குறைத்தும் வரவில்லை. ஒருநாள் வயதான தெலக்ருவா வந்தார். கூர்பே எதிர்த்த கற்பனாவாதப் பள்ளியின் தலைமகன் அவர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, மறுத்துத் தள்ளிய ‘ஓவியரின் பணிக்கூடம்’ ஒரு மகத்தான படைப்பு, அதைவிட்டு நகரவே முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். எதிர்முகாமில் இருந்தும் அப்படி எழுத ஒரு மனசு வேண்டும்.

மேகம்

பதினாறாம் நாளுக்குப் பெரியப்பா படம் வேண்டும் என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒரு கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் இருந்த முகத்தை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் நல்ல வேலைக்காரர். சட்டையை வெள்ளையாக்கினார். கன்னத்தில் இருந்த பழைய தழும்பை எடுத்தார். “பின்னாடி மேகம் போட்டுரலாமா சார்?” என்று கேட்டார். நீல வானம், வெண்மேகம், மேலேயிருந்து இறங்கும் ஒளிக்கதிர். வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பெரியம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. போனவர் நல்ல இடத்துக்குப் போயிருக்க வேண்டும் என்கிற ஆசை எல்லாக் காலத்துக்கும் உரியது. ஸ்பெயினின் டொலேடோவில் எல் கிரேக்கோ 1580களில் ஓர் அடக்கத்தை வரைந்தார், ‘ஒர்காஸ் பிரபுவின் அடக்கம்’. கீழ்ப்பாதியில் கறுப்பு உடையில் வரிசையாக ஊர்ப் பெரியவர்கள், கூர்பே படத்தின் மூதாதை போலவே இருக்கும். மேல்பாதியில் வானம் திறந்து மேகங்கள் சுழல, இயேசுவும் மரியாளும் புனிதர்களும், நடுவே ஒரு தேவதை ஆன்மாவை ஏந்தி மேலே அனுப்புகிறது.

கூர்பே அந்த மேல்பாதியை எடுத்துவிட்டார். அவர் படத்தில் வானம் ஒரு மெல்லிய சாம்பல் பட்டை, அதையும் ஒர்னானின் தட்டைப் பாறைகள் மூடிபோல அமுக்குகின்றன. அந்தக் கோட்டைத் தாண்டி மேலே நிற்பது ஒரு சிலுவை மட்டும், அதுவும் ஓர் ஆள் கையில் பிடித்திருக்கும் கம்புதான். தேவதையைக் காட்டுங்கள், வரைகிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். மேகம் இல்லாததால் அந்தப் படத்தில் இருக்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் தவிர வேறு துணை இல்லை. முன்பு அது எனக்கு வறட்டுத்தனமாகப் பட்டது. இப்போது அதைப்போல இரக்கமுள்ள படம் வேறு எனக்குத் தெரியவில்லை.

அவருடைய முடிவையும் இதோடு சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். பாரிஸில் வான்தோம் சதுக்கத்தில் 44 மீட்டர் உயரத் தூண், நெப்போலியன் போரில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தது, உச்சியில் அவன் சிலை. அதைக் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்று 1870இல் கூர்பே மனுக் கொடுத்தார். மறு வருடம், நகரத்து மக்கள் எழுந்து அமைத்த ஆட்சியான பாரிஸ் கம்யூன் அதை இடிக்க முடிவெடுத்தபோது அவர் அந்த அவையில் உறுப்பினராகக்கூட ஆகியிருக்கவில்லை. சில நாள் கழித்துத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனாலும் 1871 மே 16இல் தூண் சாய்ந்ததற்குப் பழி அவர்மேல் விழுந்தது. கம்யூன் நசுக்கப்பட்டபின் 6 மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். அதோடு விடவில்லை. தூணைத் திரும்ப நிறுத்தும் செலவு 3,23,091 பிராங்கை அவரே கட்ட வேண்டும், வருடம் 10,000 வீதம் 33 வருடம் என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே சுவிட்சர்லாந்துக்குப் போயிருந்தவர், முதல் தவணைக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31இல் இறந்தார். 1919இல் அவருடைய எலும்புகளை ஒர்னான் மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘அடக்கம்’ படத்தை அவருடைய தங்கை ஜூலியட் 1881லேயே அரசுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அதனால்தான் நம்மால் பார்க்க முடிகிறது.

மேகம் போட்ட படத்தை வாங்க மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனபோது, கைப்பேசியில் இன்னொரு படத்தைக் காட்டினேன். பாடை கிளம்புவதற்கு முன்னால் சித்தப்பா பையன் எதிர் வீட்டு மாடியிலிருந்து எடுத்தது. வாசல், பெஞ்சு, தெரு நீளத்துக்கும் ஆட்கள், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நான், முன்னால் அந்த நாய். இதைப் பெரிதாகப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுல யாரை சார் முக்கியமாக் காட்டணும்?” என்றார். யாரையும் வெட்ட வேண்டாம், யாருக்கும் வெளிச்சம் கூட்ட வேண்டாம், இருக்கிறபடியே போடுங்கள் என்றேன். “நாயை மட்டுமாவது எடுத்துரட்டுமா?” வேண்டாம் என்றேன். அவரிடம் இருந்ததிலேயே பெரிய தாளில், நான்கடி அகலத்தில் வந்தது.

அதை ஊர் வீட்டு உள் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். முதலில் யாருக்கும் அதில் பெரிய பிடித்தம் இல்லை, சாவு நாள் படத்தை யாராவது சுவரில் மாட்டுவார்களா என்று சித்தப்பா முகம் சுருக்கினார். பங்குனிப் பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டி நின்று, இடது ஓரத்திலிருந்து விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். “எய்யா, இதுல நான் எங்க நிக்கேன்?” காட்டினேன். கொஞ்ச நேரம் தன்னையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள், யார் யாருக்கு என்ன உறவு, யார் அன்றைக்குச் சாப்பிடாமல் போனது, யாருடைய மகள் பிரசவத்துக்கு வந்தவள் அழக்கூடாதென்று உள்ளேயே இருந்துவிட்டாள் என்று. சமையலறையிலிருந்து பெரியம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள். அத்தைக்குப் பெயர் மறந்த இடத்தில் பெரியம்மா எடுத்துக்கொடுத்தாள்.